லியம் பிரேடியை வீணாக்கியது ஜாக் சார்ல்டனா, வயதா?

#1 இடதுகால்

அயர்லாந்துக் கால்பந்தில் மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரர்) என்றதும் இங்கே எல்லோரும் ராய் கீன் பெயரைத்தான் எடுப்பீர்கள். நான் பேச வந்தது அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவரைப் பற்றி. லியம் பிரேடி. 1956இல் டப்ளினின் வடக்கே ஒயிட்ஹால் பகுதியில் பிறந்தவர். வீட்டிலேயே பந்தாட்டம் இருந்தது. அண்ணன்கள் ரேயும் பாட்டும் இங்கிலாந்தில் காசுக்கு ஆடியவர்கள். 15 வயதில் ஆர்சனல் இவரை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனது. 17 வயதில், 1973 அக்டோபரில், பர்மிங்ஹாமுக்கு எதிராக முதல் அணியில் இறங்கிவிட்டார். மறு வருடமே அயர்லாந்துச் சட்டை. டேலிமவுண்ட் பார்க்கில் சோவியத் யூனியனை 3-0 என்று அடித்தார்களே, அந்த ஆட்டம். மூன்று கோலும் டான் கிவன்ஸ் போட்டது. பதினெட்டு வயதுப் பையனை நடுக்களத்தில் தன் பக்கத்திலேயே நிறுத்தி ஆடியவர் ஜானி கைல்ஸ். அணியின் மேனேஜரும் அவர்தான்.

அங்கிருந்து 72 ஆட்டங்கள், 9 கோல்கள். ஆனால் ஒரு உலகக் கோப்பை கிடையாது, ஒரு யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) கிடையாது. 1988இல் அயர்லாந்து முதல்முறையாக யூரோவுக்குப் போனது, 1990இல் முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. இரண்டிலும் பிரேடி இல்லை.

1989 செப்டம்பர் 6. டப்ளினில் மேற்கு ஜெர்மனியுடன் நட்பு ஆட்டம். இடைவேளை வரைக்கும்கூட விடாமல் அப்போதைய மேனேஜர் ஜாக் சார்ல்டன் அவரை வெளியே கூப்பிட்டார். ஆட்டம் முடிந்ததும் பிரேடி இனி நாட்டுக்காக ஆடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் அப்படி ஒரு மனிதரை நடக்க விட்டதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. சார்ல்டன் ஆட்டமுறையில் பந்து நடுக்களத்தில் தங்கவே தங்காது. அப்புறம் பிரேடி எதற்கு? அயர்லாந்து பெற்ற மிகச் சிறந்த இடது காலை ஓர் ஆங்கிலேயர் மூலையில் வைத்துவிட்டார் என்பது என் கட்சி. எதிர்க்கட்சி இருந்தால் வரலாம்.

#2 ஆஃப்சைட்

வந்தாச்சு.

முதலில் கணக்கு. 1989 செப்டம்பரில் பிரேடிக்கு 33 வயது. அவர் ஆடிக்கொண்டிருந்த வெஸ்ட் ஹாம் அந்த வருடம்தான் கீழ் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது. முழங்காலில் பெரிய காயம் ஒன்றைத் தாண்டி வந்தவர். எதிரே மேற்கு ஜெர்மனி, பத்து மாதம் கழித்து உலகக் கோப்பையைத் தூக்கப் போகிற நாடு. இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு அப்புறம் மேனேஜரைத் திட்டுங்கள்.

இரண்டாவது, முறை. சார்ல்டன் யோசித்தது எளிமையானது. எங்களிடம் உலகத் தரமான பந்துப் பிடிப்பு கிடையாது, ஆனால் ஓட்டமும் உடம்பும் இருக்கிறது. பந்தை எதிரணி ஃபுல்பேக்கின் (ஓரத் தடுப்பாட்டக்காரர்) முதுகுக்குப் பின்னால் போடு, அவனைத் திரும்ப வை, திரும்பியவன் மேல் இரண்டு பேர் பாய்ந்து அமுக்கு. எதிரியின் பாதியிலேயே பந்து பிடுங்கப்படும். இதில் மிட்ஃபீல்டரின் வேலை இரண்டாவது பந்துக்கு, அதாவது மோதலில் சிதறி விழும் பந்துக்கு, ஓடுவது. பிரேடிக்குப் பிடித்ததோ கீழே இறங்கி, தடுப்பாட்டக்காரரின் காலடியிலிருந்தே பந்தை வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, அப்புறம் முடிவெடுப்பது. அழகுதான். ஆனால் அந்த இரண்டு நொடியில் அமுக்கும் முறை செத்துவிடும்.

அழகாக ஆடித் தோற்ற அயர்லாந்தை அதற்கு முன் பல வருடம் பார்த்தாயிற்று. சார்ல்டன் வந்தது 1986இல். இரண்டே வருடத்தில் ஸ்டுட்கார்ட்டில் இங்கிலாந்தை 1-0 என்று வென்றது அந்த அணி. பிரேடி ரசிகர்கள் இதை மட்டும் தாண்டிக் குதித்துப் போய்விடுவார்கள்.

#3 பழைய ஹைபரி

சண்டை அப்புறம். பிரேடியின் ஆட்டத்தை முழுசாகப் பார்க்காத தம்பிகளுக்காக ஆர்சனல் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் பின்பாதி ஆர்சனல் பாதி அயர்லாந்து. டேவிட் ஓலியரியும் ஃபிராங்க் ஸ்டேபிள்டனும் தெற்கு (அயர்லாந்துக் குடியரசு). பாட் ஜென்னிங்ஸ், பாட் ரைஸ், சாமி நெல்சன் வடக்கு அயர்லாந்து. மேனேஜர் டெரி நீல், அவரும் வடக்கு. அந்த அணி லீக்கில் பெரிதாக ஒன்றும் வெட்டி முறிக்கவில்லை. ஆனால் 1978, 79, 80 என்று மூன்று வருடம் தொடர்ந்து எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தின் நாக்அவுட் கோப்பை) இறுதிக்குப் போனது. மூன்றில் ஒன்றுதான் கைக்கு வந்தது. அந்த ஒன்று பிரேடியுடையது.

1979 மே 12, வெம்ப்ளி, எதிரே மான்செஸ்டர் யுனைடெட். முதல் பாதியிலேயே 2-0. இரண்டாவது கோலைப் பாருங்கள். பிரேடி வலப்பக்கம் ஆட்களைத் தாண்டி வந்து, இடது காலுக்கு மாற்ற நேரமில்லாமல் வலது காலாலேயே தூக்கிப் போடுகிறார். ஸ்டேபிள்டன் தலையால் முடிக்கிறார். எல்லோரும் இவரது இடது காலையே பேசுகிறோம், இறுதியாட்டக் கோலுக்குப் பந்து போனது மட்டக் காலிலிருந்து!

86ஆவது நிமிடம் வரை ஆட்டம் செத்துக் கிடந்தது. அப்புறம் கார்டன் மெக்குவீன் ஒன்று, இரண்டு நிமிடத்தில் சாமி மெக்கில்ராய் ஒன்று. 2-2. யுனைடெட் ரசிகர்கள் இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவிலிருந்து பந்து தொடங்குகிறது. பிரேடி வாங்கிக்கொண்டு ஓடுகிறார். காலுறை இரண்டும் கணுக்காலுக்குச் சரிந்து கிடக்கிறது (எப்போதும் அப்படித்தான் ஆடுவார்), முகத்தில் களைப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. பந்தைத் தன் கோலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிக் கொண்டுபோனால் போதும் என்று ஓடுவது போலத்தான் இருக்கும். ஆட்கள் தன்னை நோக்கிக் குவியும்வரை பொறுத்து, இடப்பக்கம் கிரஹாம் ரிக்ஸுக்குத் தட்டுகிறார். ரிக்ஸின் கிராஸ் கோல்கீப்பர் கேரி பெய்லியைத் தாண்டி விழ, தூரத்துக் கம்பத்தில் ஆலன் சண்டர்லேண்ட். 3-2. மூன்று கோலிலும் பிரேடி காலடி உண்டு. அந்த சீசனில் சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு வருடத்தின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

அதற்கு ஐந்து மாதம் முன்னால், 1978 டிசம்பரில், டாட்டன்ஹாம் மைதானத்திலேயே டாட்டன்ஹாமை 5-0 என்று அடித்தார்கள். அதில் பிரேடி போட்டதை ஆர்சனல்காரர்கள் இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பீட்டர் டெய்லரிடமிருந்து பந்தைப் பறித்து, பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு சுழற்று. பந்து கம்பத்துக்கு வெளியே போகிற மாதிரிப் போய் உள்ளே திரும்பும்.

#4 ஆஃப்சைட்

அண்ணே, 1980 ஐரோப்பிய இறுதியையும் சொல்லுங்க. அதை மட்டும் ஏன் விட்டீங்க?

#5 பழைய ஹைபரி

விடவில்லை தம்பி, மூச்சு வாங்கினேன்.

1979-80இல் ஆர்சனல் ஆடியது மொத்தம் 70 ஆட்டங்கள். லிவர்பூலுடன் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி மட்டுமே நான்கு முறை ஆடித்தான் முடிவு வந்தது. இறுதியில் வெஸ்ட் ஹாமிடம் 1-0 தோல்வி, டிரெவர் புரூக்கிங் தலையால் போட்டது. நான்கு நாள் கழித்து பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் வலென்சியாவுடன் கப் வின்னர்ஸ் கோப்பை (அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்புகளுக்கான ஐரோப்பியப் போட்டி) இறுதி. 0-0, பெனால்டி. வலென்சியாவின் முதல் உதை மாரியோ கெம்பெஸ், ஜென்னிங்ஸ் பிடித்துவிட்டார். ஆர்சனலின் முதல் உதை பிரேடி, அதையும் பிடித்துவிட்டார்கள். கடைசியில் ரிக்ஸ் விட்டதில் கோப்பை போனது. இரண்டு இறுதி, இரண்டும் தோல்வி, ஒரே வாரத்துக்குள்.

அந்த பெனால்டியை நினைவில் வையுங்கள். அடுத்து கருப்புவெள்ளை வந்து மீதியைச் சொல்வார், எனக்குத் தெரியும்.

#6 கருப்புவெள்ளை

சொல்லாமல் விடுவேனா! யுவெண்டஸ் ரசிகனுக்கு இந்தக் கதையில் பெருமையும் வெட்கமும் கலந்து இருக்கிறது.

அறுபதுகளின் நடுவிலிருந்து இத்தாலி லீக் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. 1980இல் திறந்தது, ஆனால் கிளப்புக்கு ஒரே ஓர் ஆள்தான். அந்த ஓர் இடத்துக்கு ரோமா ஃபல்காவோவை எடுத்தது, நாப்போலி ரூட் குரோலை, இன்டர் புரோஹாஸ்காவை. யுவெண்டஸ் எடுத்தது பிரேடியை. சும்மா எடுக்கவில்லை. அந்த வருடம் கப் வின்னர்ஸ் கோப்பை அரையிறுதியில் டூரினுக்கே வந்து யுவெண்டஸை வெளியேற்றிய அணி ஆர்சனல். கண்ணால் பார்த்துவிட்டு வாங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்திருந்ததால் விலை ஐந்து லட்சம் பவுண்டு சொச்சத்தோடு நின்றுவிட்டது. ஆர்சனலுக்கு அது அடிமாட்டு விலை.

இங்கிலாந்திலிருந்து போனவர்கள் இத்தாலியில் திணறியதுதான் அதுவரை வழக்கம். பிரேடி மொழி கற்றுக்கொண்டார், 10ஆம் எண் சட்டையைப் போட்டார், முதல் சீசனிலேயே லீக்கில் 8 கோல் போட்டார். அணியிலேயே அதிகம் அதுதான். சோஃப், ஜென்டிலே, ஷிரேயா, கப்ரினி, தர்தெல்லி என்று பின்னால் உலகக் கோப்பை வென்ற கூட்டம் மொத்தமும் அங்கே இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் பந்து பிரித்துக் கொடுத்தவர் இந்த டப்ளின்காரர். 1981இல் பட்டம். (ரோமா ரசிகர்கள் யாராவது இருந்தால் அந்த சீசனில் நடுவர் செல்லாது என்ற தூரோனே கோல் பற்றி இங்கே ஆரம்பிக்க வேண்டாம், தனித் திரி போடுங்கள்.)

இப்போது 1982. சீசன் முடியச் சில வாரங்களே இருக்கும்போது செய்தி வருகிறது. மிஷெல் பிளாட்டினியை வாங்கிவிட்டோம். போலந்தின் போனியெக் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. அடுத்த சீசனிலிருந்து கிளப்புக்கு இரண்டு வெளிநாட்டவர்தான். இரண்டும் நிரம்பிவிட்டது. பிரேடி வெளியே. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, மோசமாக ஆடவும் இல்லை.

மே 16, கடைசி நாள். யுவெண்டஸும் ஃபியோரென்டினாவும் சம புள்ளியில் நிற்கின்றன. ஃபியோரென்டினா காலியாரியில், யுவெண்டஸ் தெற்கே கலாப்ரியாவில் கட்டன்சாரோ மைதானத்தில். நேரம் ஓடுகிறது, இரண்டு இடத்திலும் 0-0. அங்கே காலியாரியில் ஃபியோரென்டினா போட்ட கோல் ஒன்றை நடுவர் செல்லாது என்கிறார். இங்கே 75ஆவது நிமிடத்தில் கட்டன்சாரோ ஆள் பந்தைக் கையால் தடுக்க, பெனால்டி.

பெனால்டி அடிக்கிறவர் யார்? பிரேடி. இன்னும் கால் மணி நேரத்தில் இந்தக் கிளப்பில் அவருக்கு வேலை இல்லை. இரண்டு வருடம் முன்னால் ஹெய்சலில் விட்டவர். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பந்தை வைத்தார், நிதானமாக வந்தார், இடது காலால் உள்ளே தள்ளினார். 1-0. யுவெண்டஸின் இருபதாவது பட்டம். பத்துப் பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம், சட்டையில் இரண்டாவது வந்தது அந்த உதையால்தான்.

இந்தத் திரியில் பிரேடி ஒரு பெரிய போட்டியும் ஆடவில்லை என்று ஆளாளுக்கு ஒப்பாரி வைக்கிறீர்கள். கட்டன்சாரோவில் நடந்ததைவிடப் பெரிய போட்டி எது என்று எனக்குத் தெரியவில்லை.

#7 புதுப்பையன்

செம அண்ணே. ஆனா ஒரு கேள்வி. பிளாட்டினியை எடுத்தது தப்புன்னு சொல்ல முடியுமா? அவர் மூணு முறை பாலோன் டோர் வாங்கினவர் ஆச்சே?

#8 கருப்புவெள்ளை

சொல்ல முடியாது. 1983, 84, 85 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஐரோப்பாவின் சிறந்த வீரர். யுவெண்டஸ் எடுத்த முடிவு சரி. பிரேடிக்கு நடந்தது அநியாயம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் தம்பி.

இன்னொன்றையும் கவனி. இத்தாலியில் பிரேடியின் ஏழு வருடமும் இந்த வெளிநாட்டவர் கணக்கோடு ஆடிய இசை நாற்காலிதான். 1982இல் யுவெண்டஸில் எழுந்தார், பிளாட்டினி உட்கார்ந்தார். சம்ப்டோரியாவுக்குப் போனார், அங்கே டிரெவர் பிரான்சிஸும் இவரும். அப்போதுதான் மேல் லீக்குக்கு ஏறி வந்த சின்ன அணி. முதல் ஆட்டத்திலேயே யுவெண்டஸை 1-0 என்று தோற்கடித்தார்கள், எனக்கே சிரிப்பு வந்தது. 1984இல் அங்கிருந்து எழுந்தார், லிவர்பூலிலிருந்து வந்து உட்கார்ந்தவர் கிரேம் சூனெஸ். அடுத்து இன்டர், பக்கத்தில் ரும்மெனிகே. 1986இல் எழுந்தார், வந்தவர் டேனியல் பாசரெல்லா. வந்தவர் ஒவ்வொருவரும் யார் என்று பார்த்தால் இவர் இருந்த இடம் எவ்வளவு பெரிய இடம் என்று புரியும்.

1986இல் இன்டருக்குப் புது கோச் யார் தெரியுமா? ஜோவான்னி டிராபட்டோனி. 1982இல் யுவெண்டஸில் கோச்சாக இருந்த அதே மனிதர். பிரேடி அஸ்கோலிக்குப் போய்க் கொஞ்ச நாள் ஆடிவிட்டு, 1987 மார்ச்சில் வெஸ்ட் ஹாமுக்குத் திரும்பிவிட்டார்.

#9 இடதுகால்

அருமை. ஆனால் நாம் அயர்லாந்துக்குத் திரும்புவோம். சார்ல்டனுக்கு முன்னால் அழகாக ஆடித் தோற்றார்கள் என்று ஆஃப்சைட் ஒரு வரியில் கடந்துவிட்டார். அது தோல்வியா, திருட்டா?

1982 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஒரே குழுவில் பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து, அயர்லாந்து, சைப்ரஸ். இரண்டு பேருக்குத்தான் இடம். முடிவுப் புள்ளிகள்: பெல்ஜியம் 11, பிரான்ஸ் 10, அயர்லாந்து 10, நெதர்லாந்து 9. கோல் வித்தியாசத்தில் பிரான்ஸ் போனது. போன பிரான்ஸ் ஸ்பெயினில் அரையிறுதி வரை ஆடியது. அந்த பிரான்ஸை 1981 அக்டோபரில் டப்ளினில் 3-2 என்று அடித்தது அயர்லாந்து.

இப்போது 1981 மார்ச், பிரஸ்ஸல்ஸ். பிரேடி ஃப்ரீ கிக் போடுகிறார், ஸ்டேபிள்டன் கோலுக்குள் தள்ளுகிறார். போர்ச்சுகல் நடுவர் நசாரே கோல் இல்லை என்கிறார். எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. கடைசி நேரத்தில் கியூலெமன்ஸ் போட்டு பெல்ஜியம் 1-0. அந்தக் கோல் நின்று ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தால் கணக்குப் போடுங்கள், அப்போது வெற்றிக்கு 2 புள்ளிதான். அயர்லாந்து 11, பெல்ஜியம் 10, பிரான்ஸ் 10. அயர்லாந்து முதலிடம். பிரான்ஸின் கோல் வித்தியாசம் 12, பெல்ஜியத்துக்கு அதில் கால்வாசிகூட இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியது பெல்ஜியம். 26 வயது பிரேடி, இத்தாலிப் பட்டத்தோடு நேராக உலகக் கோப்பைக்குப் போயிருப்பார்.

#10 ஆஃப்சைட்

இதைத்தான் நானும் சொல்கிறேன்! பிரேடிக்குக் கிடைக்காமல் போன உலகக் கோப்பை 1982. அதைக் கெடுத்தது ஒரு நடுவர். அப்போது மேனேஜர் ஓவன் ஹேண்ட். சார்ல்டன் அந்தப் பக்கமே இல்லை. ஆனால் பழி மட்டும் சார்ல்டன் தலையில்.

யூரோ 88ஐ எடுங்கள். தகுதிச் சுற்றில் பிரேடியை ஆட வைத்தது யார்? சார்ல்டன். 1987 அக்டோபரில் பல்கேரியாவுக்கு எதிராக 2-0 என்று ஜெயித்து, ஆட்டம் முடியப் போகிற நேரம். பல்கேரியா ஆள் சீண்டிக்கொண்டே இருந்தான் என்பது உண்மைதான். திருப்பி அடித்துச் சிவப்பு அட்டை வாங்கியது பிரேடி. நான்கு ஆட்டத் தடை, பிறகு இரண்டாகக் குறைத்தார்கள். அடுத்த மாதம் சோஃபியாவில் பல்கேரியாவுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கேரி மெக்கே கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டு, சும்மா இருந்த அயர்லாந்தை யூரோவுக்கு அனுப்பினார். அப்புறம் பிரேடிக்கு முழங்கால் போனது. தடை கொஞ்சம், காயம் மீதி. இதில் சார்ல்டனின் கை எங்கே?

#11 டப்ளின் மழை

வேலைக்காக டப்ளினில் இருக்கிறேன். எட்டிப்பார்த்தேன், சொல்லாமல் போக மனசில்லை.

ஊரில் இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தை இடித்து அவிவா மைதானம் கட்டியாயிற்று, 2010இல் திறந்தும் ஆயிற்று. ஆனால் ஐம்பது தாண்டிய இருவரை ஒரே மேசையில் உட்கார வைத்து சார்ல்டன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் அவரைக் கோயில் கட்டிக் கும்பிடுவார், இன்னொருவர் கைல்ஸ், பிரேடி பெயர்களைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். முன்னவர்கள்தான் அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும். 1990இல் மொத்த நாடும் டிவி முன்னால் இருந்தது.

ஆஃப்சைட் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது, அவர் பக்கத்துக்கே உதவும். டேவிட் ஓலியரி. 1986இல் ஐஸ்லாந்துப் பயணத்துக்கு முதலில் அவரைக் கூப்பிடவில்லை. பிறகு ஆள் குறைந்ததும் கூப்பிட்டார்கள், குடும்பத்தோடு விடுமுறை போட்டாயிற்று என்று அவர் மறுத்தார். சார்ல்டன் இரண்டு வருடத்துக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் தேவை வந்தது, கூப்பிட்டார், ஓலியரி போனார். 1990இல் ஜெனோவாவில் ருமேனியாவுடன் பெனால்டி. கோல்கீப்பர் பாக்கி பானர் தீமோஃப்டேயின் உதையைத் தடுத்தார், கடைசி உதை அடித்துக் காலிறுதிக்குக் கொண்டுபோனவர் அதே ஓலியரி. கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை என்று சொல்ல இது போதும்.

#12 இடதுகால்

ஜெனோவா என்று சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். அது எந்த மைதானம்? லூயிஜி ஃபெராரிஸ். சம்ப்டோரியா மைதானம், பிரேடி இரண்டு வருடம் வீடாக வைத்திருந்த புல். அந்த உலகக் கோப்பையில் அயர்லாந்து காலியாரியிலும் பாலெர்மோவிலும் ஆடி, ஜெனோவா போய், ரோமில் இத்தாலியிடம் ஸ்கிலாச்சி கோலில் 1-0 என்று வெளியேறியது. இத்தாலியில் ஏழு வருடம் ஆடி, மொழி பேசி, அந்த ஊர் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரையும் நேரில் தெரிந்த ஒரே அயர்லாந்து மிட்ஃபீல்டர் அந்த அணியில் இல்லை.

ஐந்து ஆட்டத்தில் எத்தனை கோல் போட்டார்கள் ஆஃப்சைட்? இரண்டு. 90 நிமிடத்தில் வென்ற ஆட்டம்? ஒன்றும் இல்லை. எகிப்துடன் 0-0 என்று ஆடினார்களே, அதைப் பார்த்துவிட்டு டிவி ஸ்டுடியோவில் விமர்சகர் ஈமன் டன்ஃபி பேனாவைத் தூக்கி எறிந்தார். பந்தைக் காலில் நிறுத்தத் தெரிந்த ஒரு ஆள் அன்றைக்கு அரை மணி நேரம் இறங்கியிருந்தால் போதும். முழு ஆட்டமும் நான் கேட்கவில்லை.

#13 ஆஃப்சைட்

அரை மணி நேரம் என்று இப்போது சொல்கிறீர்கள். 1989இல் ஆரம்ப அணியிலிருந்து வெளியே இழுத்ததுதான் அவமானம் என்று முதல் பதிவில் எழுதினீர்கள். மாற்று ஆளாக வைத்திருந்தால் அதுவும் அவமானம்தானே? ஓலியரி பொறுத்திருந்தார், பலன் கிடைத்தது. பிரேடி அன்றிரவே முடித்துக்கொண்டார். அது அவர் உரிமை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அழைக்கவில்லை என்று சார்ல்டனைக் கேட்க முடியாது.

ராய் கீனையும் கொஞ்சம் யோசியுங்கள். அதே சார்ல்டன் அணியில் வந்து, அதே முறையில், 1994 உலகக் கோப்பையில் நான்கு ஆட்டமும் ஆடினார். நல்ல மிட்ஃபீல்டருக்கு எந்த முறையிலும் இடம் கிடைக்கும். கீன் எங்கே, பிரேடி எங்கே

#14 கோல்கம்பம்

கீன் என்றதும் சைபான் 2002 (உலகக் கோப்பைக்கு முன் மேனேஜரோடு சண்டை போட்டு அவர் வீட்டுக்குப் போனது) பேசாமல் எப்படி? மிக் மெக்கார்த்தி செய்தது

#15 மட்டுறுத்துநர்

இங்கேயே நிறுத்துங்கள். சைபானுக்கு ஏற்கெனவே மூன்று திரி இருக்கிறது, மூன்றும் பூட்டியிருக்கிறது, காரணம் உங்களுக்கே தெரியும். இது பிரேடி திரி.

#16 பழைய ஹைபரி

கீனையும் பிரேடியையும் ஒப்பிடுவதே வீண் வேலை. ஒருவர் எதிரியிடம் பந்தைப் பிடுங்குகிறவர், இன்னொருவர் பிடுங்கிய பந்தை என்ன செய்வதென்று தெரிந்தவர். ஒரே அணியில் இருவரும் இருந்திருந்தால் நாம் எல்லோரும் அயர்லாந்து சட்டை வாங்கியிருப்போம்.

வயது பற்றி ஒரு வார்த்தை. 1990 மே மாதம் வெஸ்ட் ஹாமுக்காகத் தன் கடைசி லீக் ஆட்டத்தை வுல்வ்ஸுக்கு எதிராக ஆடினார். 4-0. கடைசியில் ஒரு கோல் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். அதே மாதம் டப்ளினில் ஃபின்லாந்துடன் பிரிவு உபசார ஆட்டம், அது 72ஆவது. கால் முழுசாகப் போய்விட்டது என்று சொல்பவர்கள் அந்த வுல்வ்ஸ் கோலையும் பார்க்கலாம்.

மேனேஜர் வேலை அவருக்கு ஒட்டவில்லை. ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பில் ஆடாமலேயே அதன் மேனேஜரான முதல் ஆள் அவர்தான். 1991இலிருந்து 93 வரை ஒரு கோப்பையும் இல்லை, சுவிட்சர்லாந்தில் நியூஷாடெல்லிடம் 5-1 என்று அடி வாங்கியதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பிரைட்டனும் சரிப்படவில்லை. 1996இல் ஆர்சனல் இளையோர் பிரிவை ஏற்றார். அங்கே பதினெட்டு வருடம் இருந்தார். ஆஷ்லி கோல் முதல் ஜாக் வில்ஷயர் வரை அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான். ஆடியதற்கு அடுத்தபடி அவர் செய்த பெரிய காரியம் அது என்பேன்.

#17 கருப்புவெள்ளை

டிராபட்டோனி பாக்கி இருக்கிறதே! 2008இல் அயர்லாந்து அவரை மேனேஜராக்கியபோது அவர் துணைக்கு வந்தவர் பிரேடி. இரண்டு கிளப்பில் இவர் வெளியேறியபோது கோச் நாற்காலியில் இருந்த மனிதருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார். மனக்கசப்பு இருந்தால் இது நடக்குமா?

அப்புறம் 2009 நவம்பர் 18, பாரிஸ். உலகக் கோப்பைக்கான பிளே-ஆஃப், கூடுதல் நேரம். தியரி ஆன்றி கையால் பந்தை நிறுத்திக் கொடுக்க, கல்லாஸ் கோல். அயர்லாந்து வெளியே. கையை வைத்தவர் முன்னாள் ஆர்சனல், தலையை வைத்தவர் அப்போதும் ஆர்சனல். பார்த்துக்கொண்டிருந்த துணைக் கோச் ஆர்சனல் இளையோர் பிரிவின் தலைவர்.

இன்னும் ஒரு கொடுமை. 1981இல் டப்ளினில் அந்த 3-2 ஆட்டத்தில் பிரான்ஸுக்காகக் கோல் போட்டவர்களில் ஒருவர் பிளாட்டினி. கோல் வித்தியாசத்தில் அயர்லாந்தைத் தாண்டிப் போன அணியின் தலைவர் பிளாட்டினி. டூரினில் பிரேடியின் இடத்துக்கு வந்தவர் பிளாட்டினி. 2009இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் யார்? இதற்கு நான் பதில் எழுதத் தேவையில்லை.

#18 இடதுகால்

அப்படியானால் குற்றவாளி பிளாட்டினிதான் என்று தீர்ப்பெழுதி சார்ல்டனை விடுதலை செய்துவிடலாமா? முடியாது. 1987 மே மாதம் டப்ளினில் பிரேசிலை 1-0 என்று வென்றார்களே, கோல் யாருடையது? பிரேடி. அதே சார்ல்டன் அணியில்தான். அந்த முறைக்குள்ளும் அவர் ஆட முடியும் என்று அவரே காட்டிவிட்டார். பிறகு எதற்கு அந்த 1989?

#19 ஆஃப்சைட்

நீங்களே என் வாதத்தை எழுதிக்கொடுத்துவிட்டீர்கள், நன்றி. முதல் பதிவில் சார்ல்டன் முறையில் பிரேடிக்கு இடமே இல்லை என்றீர்கள். இப்போது இடம் இருந்தது, கோலும் போட்டார் என்கிறீர்கள். 1987இல் இருந்த இடம் 1989இல் இல்லாமல் போனது என்றால் இடையில் மாறியது எது? முறை மாறவில்லை. முழங்கால்தான் மாறியது.

#20 இடதுகால்

இடையில் ஸ்டுட்கார்ட் நடந்தது. பிரேடி இல்லாமலே இங்கிலாந்தை ஜெயிக்கலாம் என்று சார்ல்டன் கண்டுகொண்டார். அதற்கு முன்னால் அவருக்கு பிரேடி தேவைப்பட்டார், பொறுத்துக்கொண்டார். முழங்காலைக் காரணம் காட்டுவது எளிது.

#21 டப்ளின் மழை

இதை மறுக்க எனக்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நட்பு ஆட்டத்தில், சொந்த ஊரில், இடைவேளைக்குப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். முடிவு சரியா தப்பா என்பது வேறு, அதைச் செய்த விதம் வேறு. இங்கே சார்ல்டனைக் கும்பிடுகிறவர்கள்கூட அந்த இடத்தில் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

#22 ஆஃப்சைட்

விதம் மோசம்தான். அதில் எனக்கு உங்களோடு சண்டை இல்லை.

#23 புதுப்பையன்

இவ்வளவு பேசிட்டீங்க, எனக்கு ஆட்டம் பார்க்கணும் போல இருக்கு. எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

#24 பழைய ஹைபரி

1979 இறுதியை முழுசாகப் பார். கடைசி ஐந்து நிமிடத் துண்டு மட்டும் பார்க்காதே, அதற்கு முன்னால் அவர் எப்படி ஆட்டத்தை மெதுவாக்கி வேகமாக்குகிறார் என்பது அதில் வராது. அடுத்து அந்த டாட்டன்ஹாம் கோல். அப்புறம் கட்டன்சாரோ பெனால்டி.

#25 ஆஃப்சைட்

அப்படியே 1989 ஜெர்மனி ஆட்டத்தின் முதல் பாதியும் கிடைத்தால் பார் தம்பி. ஸ்டேபிள்டன் போட்டு அயர்லாந்து முன்னால் இருந்தது. டோர்ஃப்னர் சமன் செய்தார், அதற்குக் கொஞ்ச நேரத்தில்தான் பிரேடியை வெளியே கூப்பிட்டார்கள். அந்தக் கோல் விழும்போது அயர்லாந்து மிட்ஃபீல்ட் எங்கே நின்றது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுது. யார் பக்கம் என்று அப்புறம் முடிவு பண்ணிக்கொள்.